ஏழாம் நம்பர் பாட்டில்

ராமலட்சுமியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘கரையோர நீர்க் கண்காணிப்பு ஒருங்கிணைப்பாளர்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தது. மூங்கில்பள்ளம் அணையைச் சுற்றியிருந்த லயங்களில் அதை நின்று படித்து முடிக்க யாருக்கும் நேரமில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிகள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்குத்தான் அங்கே லயம் என்று பெயர். லயத்து ஜனங்கள் அவளைத் தண்ணிக்காரி என்று கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. முப்பத்தாறு வயதுக்குள் அவள் கொழுந்து கிள்ளியிருக்கிறாள், குமுளியில் ஏலக்காய் தரம் பிரித்திருக்கிறாள், ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சிரித்திருக்கிறாள். உத்தமபாளையத்தில் படித்த பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு மரியாதை கொடுத்த ஒரே வேலை இதுதான்.

வேலை என்னவென்றால், அணைத் தண்ணீர் தேங்கிய ஏரியைச் சுற்றிக் கரையோரமாகப் பதினோரு இடம். ஒவ்வொரு இடத்திலும் அங்கேயே குடியிருக்கிற ஒரு ஆள். ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தப் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, எத்தனை சென்டிமீட்டரில் அது கண்ணுக்கு மறைகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ராமலட்சுமி ஜீப்பில் சுற்றி வந்து பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, குமுளியில் கோட்டயம் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அன்று சாயங்காலத்துக்குள் லேபில் பரிசோதனை தொடங்கிவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினால் அந்தத் தண்ணீர் எதற்கும் சாட்சியில்லை. லேப் தன் முடிவுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக அனுப்பும்.

கேட்கிறவர்களுக்கு இது பிள்ளை விளையாட்டாகத் தோன்றும். பிள்ளை விளையாட்டாக எடுத்தவர்களை அவள் முதல் மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பாட்டிலின் வாயைக் குப்புறப் பிடித்து முழங்கை முங்கும் வரை இறக்கி, அங்கே திருப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடி போட வேண்டும். கை வாயில் படக் கூடாது. தண்ணீர்மேல் ஏடு படிந்திருந்தால் விலக்கக் கூடாது. இருக்கிறதை இருக்கிறபடி எடு என்று தொண்டை கட்டுமளவுக்குச் சொன்னாள். சொன்னதோடு விடவுமில்லை. விடியுமுன் புறப்பட்டுப் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் நிற்பாள். நான்காம் இடத்து ஆறுச்சாமி, படகு கட்டுகிற மனுஷன், “இந்தப் பிள்ளை போலீசுல இருக்க வேண்டியது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படிப் பத்து இடத்தில் நின்றிருக்கிறாள். பதினோராவதாக ஒன்று இருந்தது. அங்கே மட்டும் அவள் நின்றதேயில்லை.

அது ஏழாம் இடம், கீழ்லயம். அவள் பிறந்து வளர்ந்த லயம். அங்கே தண்ணீர் பிடித்தது அவளுடைய மதினி சாந்தம்மாள். சொந்த அண்ணன் பெண்டாட்டியின் பின்னால் போய்த் திருடனைப் பிடிக்கிற மாதிரி நிற்க எந்த நாத்தனாருக்கு மனசு வரும். ஏழாம் இடத்துக்கு ராமலட்சுமி ஏழரைக்குப் போவாள். பாட்டில் துடைத்து, எழுதி, ஒட்டித் தயாராக இருக்கும். அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, மதினி கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வருவாள். பதினோரு நோட்டிலும் சாந்தம்மாள் நோட்டுத்தான் அடித்தல் திருத்தல் இல்லாதது.

இரண்டாம் மாதமே ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரை பாட்டிலில் வெறும் நம்பர்தான் ஒட்டினார்கள். அவள் ஊர் பேரையும் எடுக்கிற ஆள் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னாள். ஏழு, கீழ்லயம், சாந்தம்மாள். நாலு, படகுத்துறை, ஆறுச்சாமி. தங்கள் பேர் கோட்டயம் வரைக்கும் போகிறது என்றதும் ஒருவரும் நாள் தவறவில்லை. திட்டத்தை நடத்திய டிரஸ்டின் அதிகாரி வினோ, பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன், அவளைக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னான்.

பேர் எழுதினால் சாந்தம்மாளுக்கு என்ன ஆகும் என்று அவள்தான் யோசித்திருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தி லயத்தில் பிள்ளைக் காப்பகம் திறக்க மானேஜரின் மனைவி வந்திருந்தாள். காப்பி கொடுக்கும் பொறுப்பு சாந்தம்மாளுக்கு. புது டம்ளர் வாங்கி, மூன்று தடவை விளக்கி, தட்டில் வைத்து நீட்டினாள். அந்தம்மாள் டம்ளரை ஒரு விரலால் தொட்டுவிட்டு, பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, சிரித்த முகமாகத்தான் இருந்தாள். சாந்தம்மாள் அந்த டம்ளரை இன்னும் வைத்திருக்கிறாள். அதில் யாருக்கும் எதுவும் ஊற்றிக் கொடுத்ததில்லை.

கீழ்லயத்துக் குடிதண்ணீர் ஏரியிலிருந்துதான் வந்தது. கரையிலிருந்து இருபதடி தள்ளிக் குழாய் கிடக்கும். மோட்டார் உறிஞ்சித் தொட்டிக்கு ஏற்றும், தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும். அதே கரையில் மேட்டில் ஒரு ரிசார்ட் வந்தது. வந்த மறுவருஷமே கீழ்லயத்துக் கரையில் நுரையும் பச்சை ஏடும் ஒதுங்கின. ஒரு மழைக்காலம் விட்டு ஒரு மழைக்காலம் மஞ்சள்காமாலை வந்தது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போவாள். பல் விளக்குகிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் யார் கொதிக்க வைப்பது, எந்த விறகில். போன மழையில் இன்பமேரி என்று ஒரு பெண், ஏழு மாசம், காமாலையில் போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போனது. ராமலட்சுமியோடு ஒன்றாம் கிளாஸிலிருந்து படித்தவள் அவள்.

அதனால்தான் ராமலட்சுமி மூன்று வருஷம் அப்படி ஓடினாள். மூன்று வருஷத்து முடிவுகள் பஞ்சாயத்துக்குப் போகும். தண்ணீர் மிகவும் கெட்டுப்போன இடங்களுக்குச் சுத்திகரிப்பு யூனிட் வைப்பார்கள், அங்கே கழிவு விடுகிறவன் குழாயை அடைப்பார்கள் என்று எழுத்தில் இருந்தது. இந்த மழைக்கு முன்னால் கீழ்லயத்துக்கு யூனிட் வந்துவிட வேண்டும். ஏனென்றால் கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த சாந்தம்மாளின் மகள் கற்பகம், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் ஏழு மாசம்.

மார்ச் மாதம், பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, இறுதி அறிக்கையின் நகலை வினோ அனுப்பினான். நாலு இடம் மோசம் என்று சிவப்பில் போட்டிருந்தது. பதினோரு இடத்திலும் மிக நல்ல நீர் ஏழாம் இடத்தில்தான் என்று பச்சையில் போட்டிருந்தது. ரிசார்ட்டின் கழிவால் பாதிப்பு ஏதும் தெரியவில்லை என்று கீழே ஒரு வரி வேறு.

முந்தைய அறிக்கைகளிலும் ஏழாம் இடம் பரவாயில்லை என்றுதான் வந்திருந்தது. அப்போதெல்லாம் காற்று நுரையை அக்கரைக்குத் தள்ளியிருக்கும், கண்ணுக்குத் தெரிகிற ஏடு வேறு, லேப் பார்க்கிற கிருமி வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த படிப்பு இப்படியும் கை கொடுக்கும். இந்தத் தடவை சமாதானம் வரவில்லை. சாந்தம்மாளின் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். தட்டு முப்பத்தைந்து சென்டிமீட்டரில் மறைகிறது. அடுத்தது முப்பது. அடுத்தது இருபத்தெட்டு. அத்தனை கலங்கிய தண்ணீர். அதே நாளில் பிடித்த பாட்டிலில் கலங்கலே இல்லை என்கிறது லேப். தட்டு விட்ட தண்ணீரும் பாட்டிலில் போன தண்ணீரும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

அறிக்கையில் சேராவிட்டாலும், கணக்குக்குக் கடைசிச் சுற்று ஒன்று அடுத்த செவ்வாய் பாக்கியிருந்தது. அன்று ஆறு மணிக்கே அவள் கீழ்லயத்துப் பம்ப் ஹவுசுக்குப் பின்னால் போய் நின்றாள். சாந்தம்மாள் குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றி வந்தாள். பம்ப் மேடையில் நின்று தட்டை இறக்கினாள், குனிந்து பார்த்தாள், நோட்டில் எழுதினாள். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கு முதுகைக் காட்டி மேடேறினாள். மாடசாமி கோயிலுக்குப் பின்னால் பாறையில் ஒரு ஊற்று உண்டு. கோடையில் நூல் போலக் கசியும், சாமிக்கு அபிஷேகத்துக்குக் காணும், அவ்வளவுதான். அங்கே தேங்கியிருந்த சின்னக் குழியில் பாட்டிலைக் குப்புறப் பிடித்து, முழங்கை முங்க இறக்கி, உள்ளேயே மூடி போட்டாள். சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

“மதினி” என்றாள் ராமலட்சுமி.

சாந்தம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “என்னத்தா, இன்னைக்கு வெள்ளனமே வந்துட்ட. காப்பி இன்னும் போடலியே.”

“இந்தத் தண்ணிய ஏன் இங்க பிடிக்கிறீங்க?”

“பெறகு எங்க பிடிக்க?”

“டேமுல பிடிக்கணும்னுதான சொன்னேன்.”

“தட்ட டேமுலதான் விட்டேன். அது வெறும் நம்பரு, நமக்குள்ள கெடக்கும்.” சாந்தம்மாள் பாட்டிலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். “போத்தலு அப்பிடியா? கீழ்லயம்னு பேரு போட்டு, எம் பேரையும் போட்டு ஆபீசுக்குப் போகுது. பெரிய படிப்புப் படிச்சவுக கையில எடுத்துப் பாக்குறது. அந்த நொரையையும் பீயையும் பிடிச்சு அனுப்பவா? லயத்துக்காரங்க இப்பிடித்தான் இருப்பாங்கன்னு மூக்கப் பிடிக்கவா?”

“எத்தன நாளா மதினி?”

“நீ பேரு எழுதச் சொன்ன நாள்லருந்து.”

ராமலட்சுமி பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட யாரைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடந்தது இன்னதென்று மெதுவாகச் சொன்னாள். சாந்தம்மாள் நின்றபடியே கேட்டாள். பாதியில் அவள் முகம் செத்துவிட்டது.

“அப்ப யூனிட்டு நமக்கு வராதா?” என்று மட்டும் கேட்டாள்.

ராமலட்சுமி வினோவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். “ஏனுங்க லட்சுமி மேடம், இது வேற யாருக்காச்சும் தெரியுங்களா?” என்றான்.

“இன்னும் இல்ல சார். ஏழாம் நம்பர மட்டும் எடுத்துட்டு, தட்டுக் கணக்க வச்சு எழுதலாம்ல?”

“தட்டுக்கு லேபு சீல் இல்லீங்க. மறுபடி எடுக்கலாம்னா மார்ச்சோட புராஜெக்ட் முடியுது. மூணு வருசத்தைப் பத்து நாள்ல எடுக்க முடியுங்களா? நான் சொல்றனேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க வாயத் தொறக்காட்டி ஏழு ஒண்ணுதான் போகும். தொறந்தா அந்த நாலு ஊருக்கு வர்றதும் போயிருமுங்க. ரிசார்ட்டுக்காரன் சும்மா இருப்பானுங்களா?”

அவன் கெட்டவன் இல்லை. கணக்குத் தெரிந்தவன். அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். எட்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பக்கம் நாலு ஊர். இன்னொரு பக்கம், தன் ஊரில் தண்ணீர் சுத்தம் என்று சர்க்கார் காகிதத்தில் தன் கையெழுத்தோடு நிற்கப் போகிற ஒரு வரி. நாளைக்கு ரிசார்ட் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு இன்பமேரி செத்தால், தண்ணீரில் குற்றமில்லை என்று அந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் ஏழாம் இடத்தை மட்டும் தனியே வைத்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், மற்றது நிற்கும் என்று அவள் தன்னை நம்ப வைத்துக்கொண்டாள். நம்பிக்கைக்கு ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. ஆசைதான்.

பஞ்சாயத்து ஹாலில் பதினோரு இடத்து ஆட்களும் நல்ல துணி உடுத்தி வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராமலட்சுமி எழுந்து தனக்குத் தெரிந்த மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மதினி பேரைச் சொல்லவில்லை, மேற்பார்வை செய்யத் தவறியது நான்தான் என்றாள். பேர் பாட்டிலிலேயே ஒட்டியிருந்தது என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஹாலில் எல்லோரும் சாந்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தம்மாள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிசார்ட் தரப்பில் வந்திருந்தவர் மரியாதையான மனிதர். இந்தச் சகோதரியின் நேர்மையை வணங்குகிறேன் என்று ஆரம்பித்தார். ஒரு பாட்டில் மூன்று வருஷம் வேறிடத்திலிருந்து வந்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், மற்ற பத்தும் ஏரியிலிருந்துதான் வந்தன என்று யார் உறுதி சொல்வது என்று முடித்தார். அறிக்கையைத் திருப்பி அனுப்புவது, கண்காணிப்பை முதலிலிருந்து தொடங்க வேறு நிதி கேட்டு எழுதுவது என்று தீர்மானம் ஆயிற்று. அப்படி எழுதிய கடிதங்கள் எங்கே போய்ச் சேரும் என்பது அங்கிருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் ஆறுச்சாமி அவளை மறித்தார். அவர் இடம் சிவப்பில் இருந்த நாலில் ஒன்று.

“எம் பின்னால வந்து நின்னு நின்னு பாத்தியே தாயி. ஒரு நா, ஒரே ஒரு நா, உங்க வீட்டு ஆளு பின்னால நின்னிருக்கக் கூடாதா?” என்றார். சத்தம் போடவில்லை. அவர் அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் டிரஸ்ட் ஆபீஸைக் காலி செய்தார்கள். ஜீப் போயிற்று. வினோ வயநாட்டுக்கு மாற்றலானான், போகுமுன் வந்து, “மனசுல வெச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். ஐஸ் பெட்டி பழசு என்று அவளிடமே விட்டுவிட்டார்கள். ராமலட்சுமி மறுபடியும் குமுளிக்கு ஏலக்காய் பொறுக்கப் போனாள். படகுத்துறை வழியாகப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுச் சுற்றுவழி பஸ்ஸில் போய் வந்தாள்.

மே கடைசியில் முதல் மழை இறங்கியது. ரெண்டாம் நாள் குழாயில் பச்சை நாற்றம் வந்தது. மூன்றாம் நாள் கற்பகத்தின் மாமியாரைக் கம்பத்திலிருந்து வரச் சொல்லி சாந்தம்மாளே போன் செய்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளையைப் பிரசவத்துக்கு முன்னே திருப்பி அனுப்பிய வீடு அந்த லயத்தில் அதற்கு முன்னால் இல்லை. சம்பந்தியம்மாள் வந்து ஜீப்பை விட்டு இறங்காமலே, “என்ன கொற வச்சோம்னு எம் மருமகள இப்பிடி வெரட்டுறீங்க?” என்றாள்.

“கொற ஒண்ணுமில்ல மதினி” என்றாள் சாந்தம்மாள். எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. “எங்க ஊட்டுத் தண்ணி அழுக்கு. குடிச்சா பிள்ள தங்காது. கூட்டிட்டுப் போயிருங்க.”

அதைச் சொல்லிவிட்டு மகளின் பையைத் தானே தூக்கி ஜீப்பில் வைத்தாள். கற்பகம் அழுதாள். சாந்தம்மாள் அழவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற ராமலட்சுமிக்குத்தான் தாங்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சாந்தம்மாள் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். முழங்கை வரை நனைந்திருந்தது. கையில் ஒரு பாட்டில். மிச்சம் கிடந்த ஒரே பாட்டில் அதுதான். உள்ளே பச்சையாக, மேலே ஒரு விரற்கடை நுரையோடு தண்ணீர். வெளியே துடைக்கவில்லை. ஏழு, கீழ்லயம், சாந்தம்மாள் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டிருந்தது.

“குழாய் கெடக்குற எடத்துலயே பிடிச்சேன். ஏட்ட வெலக்கல. இத அனுப்பு.”

ராமலட்சுமி பாட்டிலை வாங்கினாள். அனுப்ப லேபில் யாரும் காத்திருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மதினியின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டியில் அதை வைத்து மூடினாள்.

இரண்டு வாரம் கழித்து, அதே செவ்வாய், ஆறு மணிக்கே சாந்தம்மாள் வந்தாள். கை வெறுமனே இருந்தது.

“அந்தப் போத்தல் திரும்பி வந்துச்சா? எங்கிட்ட வேற இல்ல.”

“இருக்கு மதினி. எடுத்துட்டு வாரேன்.”

ராமலட்சுமி கொல்லைப்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. பாட்டிலைத் தேயிலைச் செடிகளுக்குள் கவிழ்த்து ஊற்றினாள். கழுவி, அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, விதிப்படி கால் மணி நேரம் அதில் போட்டெடுத்து, கை வாயில் படாமல் மூடினாள். புதுசாக லேபிள் ஒட்டிக்கொண்டு வந்து மதினியிடம் கொடுத்தாள்.

“போன தடவை அனுப்புனத அவுக பாத்தாகளா?” என்று சாந்தம்மாள் கேட்டாள்.

“பாத்தாங்க” என்றாள் ராமலட்சுமி. தண்ணீர் விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.

“நல்லாப் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு சாந்தம்மாள் கரைக்கு இறங்கினாள். மணி ஆறரை ஆகியிருந்தது.